புதுப்பிப்பு: பாப்பா தேறிவிட்டாள்

எட்டு மாதப் பாப்பா விட்டுவிட்டு வீறிட்டு அழுகிறாள், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தமும் சளியும் என்று பதறி எழுதியிருந்தேன் அல்லவா? அது குடல் செருகல். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வது. அம்பாசமுத்திரத்தில் டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே சந்தேகப்பட்டுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேனில் உறுதியானது.

ஆபரேஷனா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆசனவாய் வழியாக உப்புநீரைச் செலுத்தி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். குடல் அழுகியிருந்தாலோ ஓட்டை விழுந்திருந்தாலோ இந்த வழி கிடையாது, நேரே ஆபரேஷன்தான். அந்த அறைக்கு வெளியே நின்ற நேரத்தைப் பற்றி எழுத இன்னும் தெம்பில்லை.

ஆச்சிதான், “குடலேத்தமா இருக்கும்ட்டி, எண்ணெய் போட்டு நீவினா சரியாயிரும்” என்று ஒற்றைக்காலில் நின்றாள். இந்த நிலையில் வயிற்றை அழுத்தவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, இப்போது தெருவுக்கே ஸ்கேன் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! உரைமருந்தை மட்டும் இன்னும் விட மனமில்லை அவளுக்கு.

வயிற்றுப்போக்கு வராமலிருக்கப் போடும் ரோட்டா சொட்டு மருந்தால் வந்ததா என்று கேட்டவருக்கு: கடைசிச் சொட்டு 14-வது வாரத்திலேயே போட்டாயிற்று, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார் டாக்டர்.

இப்போது தாய்ப்பாலும் கஞ்சியும் நன்றாக இறங்குகிறது. சுமார் பத்தில் ஒரு பிள்ளைக்கு இது திரும்ப வருமாம். அதனால் மறுபடி அழுகையோ வாந்தியோ வந்தால் இரவானாலும் கிளம்பிவிட வேண்டும் என்று பையைக் கட்டியே வைத்திருக்கிறோம்.