இன்ஹெரிட்டன்ஸ் 3 அடுக்கைத் தாண்டினால் டிசைன் மோசமா?

கச்சான்காத்து:
நேற்று மண்டபத்துத் தம்பி ஒருவர் இங்கே போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "இன்ஹெரிட்டன்ஸ் 3 அடுக்கைத் தாண்டினால் மோசமான டிசைன், இதில் பேச்சே இல்லை" என்று எழுதியிருக்கிறார். புரோகிராமில் தரவையும் வேலைகளையும் சேர்த்து வைக்கும் அச்சுதான் கிளாஸ்; ஒரு கிளாஸ் இன்னொன்றின் பிள்ளையாகி அதில் உள்ளதையெல்லாம் பெறுவது இன்ஹெரிட்டன்ஸ். அப்பா, தாத்தா என்று மேலே போனால் ஒவ்வொன்றும் ஒரு அடுக்கு. யார் போட்ட சட்டம் இது? ஆய்வாளர்கள் சிதம்பரும் கெமரரும் 1994 கட்டுரையில் டிசைனை அளக்க 6 அளவுகோல் கொடுத்தார்கள், அதில் இன்ஹெரிட்டன்ஸ் மரத்தின் ஆழமும், அதாவது ஒரு கிளாஸுக்கு மேலே எத்தனை அடுக்கு என்பதும் ஒன்று. ஆழம் கூடினால் கீழே இருக்கிற கிளாஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிப்பது கஷ்டம், ஆனால் மேலே எழுதியதைத் திரும்பப் பயன்படுத்தும் வாய்ப்பும் கூடும் என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். 3 தான் எல்லை என்று அவர்கள் கோடு கிழிக்கவில்லை.

மண்டபம்_கேம்ப்:
அந்தத் தம்பி நான்தான், நேரடியாகவே கேளுங்கள் அண்ணே. எங்கள் டீமில் 3 தாண்டினால் கோடைச் சோதிக்கும் டூல் சிவப்பு காட்டும், மெர்ஜ் ஆகாது, அதாவது எழுதியது பொதுக் கோடில் சேராது. புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒரு மெத்தட் (கிளாஸ் செய்யும் ஒரு வேலை) எங்கிருந்து வருகிறது என்று ஐந்தாறு ஃபைலைத் திறந்து திண்டாடும்போது கட்டுரையா வந்து காப்பாற்றும்? 3 என்றால் 3.

கச்சான்காத்து:
டூலில் 3 என்று அடித்து வைத்தது உங்கள் ஆட்கள். அது சிவப்பு காட்டாமல் என்ன செய்யும்? ஜாவா மொழியோடு வரும் ஸ்டாக் என்ற கிளாஸைப் பாருங்கள். கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஆனால் அது வெக்டர் என்ற பட்டியல் கிளாஸின் பிள்ளை என்பதால், நடுவில் எதை வேண்டுமானாலும் செருகலாம். கோளாறு உறவில் இருக்கிறது, ஆழத்தில் இல்லை.

மண்டபம்_கேம்ப்:
நல்ல உதாரணம் கொடுத்தீர்கள்! ஸ்டாக், வெக்டர், அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட், அப்ஸ்ட்ராக்ட்கலெக்‌ஷன், ஆப்ஜெக்ட். ஸ்டாக்குக்கு மேலே இருப்பதை எண்ணிப் பாருங்கள், ஆழம் 4. என் விதி அதைப் பிடித்திருக்கும்.

கச்சான்காத்து:
சரித்திரம் தெரியாமல் பேசக்கூடாது தம்பி. அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் 1998இல் ஜாவா 1.2 வந்தபோதுதான் நடுவில் நுழைந்தது. முதல் பதிப்பான 1.0இல் மேலே வெக்டரும் ஆப்ஜெக்டும் மட்டும், ஸ்டாக்கின் ஆழம் வெறும் 2. அப்போதும் இதே ஓட்டைதான். அடுத்து, அமைப்பு விவரங்களை வைக்கும் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸ். மேலே ஹேஷ்டேபிள், அதற்கு மேலே டிக்‌ஷனரி, அப்புறம் ஆப்ஜெக்ட். சரியாக 3. உங்கள் டூல் பச்சை காட்டும். ஆனால் எழுத்துகள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் எதையும் போட்டுவிடலாம், ஹேஷ்டேபிளிலிருந்து வந்த 'புட்' மெத்தடைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஜாவாவின் ஆவணமே கெஞ்சுகிறது.

தங்கச்சிமடத்தான்:
ஆப்ஜெக்டை எதற்கு எண்ணுகிறீர்கள்? அது எல்லா கிளாஸுக்கும் பொது. அதை விட்டால் ப்ராப்பர்ட்டீஸ் 2 தான்.

மண்டபம்_கேம்ப்:
ஆப்ஜெக்டை எண்ணாமல் விட்டால் அது ஆழமே இல்லை.

கீழக்கரை_ஜாவா:
எண்ணிக்கையை விட்டுவிட்டு நம் ஊர்க் கணக்குக்கு வாருங்கள். மீன்பிடிக்கப் போகும் படகுகளுக்கு டோக்கன் கொடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்று எழுதுகிறோம். 'படகு' என்று ஒரு கிளாஸ், அதன் பிள்ளைகள் விசைப்படகு, நாட்டுப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையைப் 'படகு' கிளாஸிலேயே எழுதினால் நாட்டுப்படகும் கரையில் நிற்கும், அதற்கோ தடை கிடையாது. உடனே ஒருவர் நாட்டுப்படகில் அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து, அதாவது பிள்ளையில் மாற்றி எழுதி, வெறுமையாக விடுவார். இரண்டே அடுக்கு, அதற்குள் டிசைன் நாறுகிறது. தடை, கடலுக்குப் போகும் கிழமை இதையெல்லாம் 'அனுமதி' என்று தனி ஆப்ஜெக்டாக்கி (கிளாஸிலிருந்து உருவாகும் பொருள்) படகின் கையில் கொடுத்தால், அரசு விதியை மாற்றும்போது படகைத் தொடவே வேண்டாம்.

தங்கச்சிமடத்தான்:
பாய், நாட்டுப்படகு எல்லாம் ஒன்றா? வள்ளத்திலும் இப்போது இன்ஜின் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். அதை எந்தக் கிளாஸில் போடுவீர்கள்?

கீழக்கரை_ஜாவா:
இன்ஜின் வைத்தால் விசைப்படகு ஆகிவிடுமா? இழுவலை போடுகிற படகும் வள்ளமும் ஒன்று என்று கடற்கரையில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

தங்கச்சிமடத்தான்:
நான் பிறந்ததே கடற்கரையில்தான். கீழக்கரையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வள்ளம் சொல்லித்தர வேண்டாம். சிங்கிள்டன் (ஒரே ஒரு ஆப்ஜெக்டை மட்டும் உருவாக்கவிடும் டிசைன்) பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள், நான் மறக்கவில்லை.

கச்சான்காத்து:
பாய் சொன்னது என் கட்சிக்குத்தான் வலு. கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987லேயே இந்தக் கேள்வியை எடுத்துவிட்டார். அப்பா நிற்கிற இடத்தில் பிள்ளையை நிறுத்தினாலும் புரோகிராம் நம்பியது பொய்க்கக்கூடாது. ஸ்டாக் இதில் தோற்கிறது, ப்ராப்பர்ட்டீஸ் தோற்கிறது, நாட்டுப்படகும் தோற்கிறது. இதில் எங்கே வந்தது 3? இன்ஹெரிட்டன்ஸைவிட ஆப்ஜெக்ட்களைச் சேர்த்துக் கட்டுவதே மேல் என்று 'டிசைன் பேட்டர்ன்ஸ்' எழுதிய நால்வர் குழுவும் அந்த 1994 புத்தகத்தில் எழுதிவிட்டது. மண்டபத்தார் எதற்காவது பதில் சொன்னாரா?

மண்டபம்_கேம்ப்:
சொன்னேன். எங்கள் கோடில் 3 தாண்டிய இடங்களில்தான் பக் அதிகம், தினமும் பார்க்கிறேன். நீங்கள் 1987, 1994 என்று ஆண்டு சொல்கிறீர்கள், நான் இன்று பயனாளர்களிடம் ஓடுகிற புரொடக்‌ஷனைச் சொல்கிறேன்.

கச்சான்காத்து:
உங்கள் புரொடக்‌ஷனை உலகத்துக்கே விதியாக்காதீர்கள். ஆழம் 3க்குள் இருந்தும் உடைந்த இரண்டு கிளாஸைக் காட்டிவிட்டேன். 3 தாண்டியது என்ற ஒரே காரணத்தால் உடைந்த கிளாஸ் ஒன்றைப் பெயரோடு போடுங்கள், பார்ப்போம்.

மண்டபம்_கேம்ப்:
ஸ்டாக். ஆழம் 4. போட்டாச்சு.

கச்சான்காத்து:
1.0இல் 2!

தங்கச்சிமடத்தான்:
ஆப்ஜெக்டை விட்டால் 1. வள்ளத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.