ஸ்கைலைன் ஜிடி-ஆர் விற்கணும், வழி சொல்லுங்க

பதினோரு வருஷமா என்கூட இருக்கிற 1992 நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரை விற்கப் போறேன். மனசே வரல. ஆனா ஓட்ட நேரமில்லாம கவர் போட்டே வச்சிருக்கிறது அந்த வண்டிக்குச் செய்யுற பாவம்.

2.6 லிட்டர், ஆறு சிலிண்டர். கம்பெனி போட்ட ரெண்டு டர்போவையும் (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற பாகம்) கழட்டிட்டு ஒரே பெரிய டர்போ மாட்டியிருக்கேன். இன்ஜெக்டர், இன்டர்கூலர், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) எல்லாமே மாத்தினதுதான். பழைய செராமிக் டர்போ ரெண்டும் எண்ணெய்த் துணியில சுத்தி, கழட்டின போல்ட்டோட பெட்டியில பத்திரமா இருக்கு. போன வாரம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பார்த்தேன், ஆறு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

இப்படியே விற்கவா, ஒரிஜினலுக்குத் திருப்பிட்டு விற்கவா? சேகரிக்கிறவங்க ஒரிஜினலைத்தான் தேடுறாங்க. ஆனா பிரிச்சா, பார்த்துப் பார்த்து செஞ்ச டியூனிங் போயிடுமே. டியூனிங் ரிப்போர்ட், பில்லு எல்லாம் காட்டினா வாங்குறவங்களுக்கு நம்பிக்கை வருமா? இந்த மாதிரி வண்டி வித்தவங்க இருந்தா சொல்லுங்க, டெஸ்ட் டிரைவ் எப்படிக் கொடுத்தீங்க?