டிரம்மர் சென்னைக்குப் போகிறான்: பேண்டைத் தொடரலாமா, கலைக்கலாமா?

நாகமலை கிதார்:
நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கல்லூரியில் படிக்கிற நாலு பேர் நாங்கள். தமிழில் சொந்தமாக ராக் பாட்டுப் போடுகிறோம். கல்ச்சுரல்ஸில் மேடை ஏறினால் "சினிமா பாட்டு அடிங்கப்பா" என்கிறார்கள். அதனால் நண்பன் வீட்டு மொட்டைமாடி அறைதான் எங்களுக்கு மேடை. இப்போது டிரம்மருக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, ஜூனில் கிளம்புகிறான். வேறு ஆள் போடலாமா? யூடியூபில் பைலான் என்ற அமெரிக்க பேண்டைக் கேட்டேன், அவர்களும் கல்லூரி ஊர்க்காரர்கள்தானாம். நன்றாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் நிறுத்தினார்கள்?

வைகைக்கரை சவுண்டு:
தம்பி, நான் கல்யாண மண்டபங்களுக்கு சவுண்டு போடுகிறவன். பைலான் கேட்கிற இன்னொரு ஆள் மதுரையில் இருப்பான் என்று நினைக்கவே இல்லை!

அவர்கள் ஊர் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ். நம்ம ஊரைக் கிழக்கின் ஏதென்ஸ் என்கிறோமே, அதற்கு இப்படியும் ஒரு பொருத்தம் பார். பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவர்கள் 1979-ல் ஆரம்பித்தது. பேஸ் கிதார் மைக்கேல் லகௌஸ்கி, கிதார் ராண்டி பியூலி. இருவரும் முறையாகக் கற்றவர்கள் இல்லை. மாடியில் இருந்த கர்ட்டிஸ் குரோ, கீழே ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருவதைக் கேட்டு, தானாக இறங்கி வந்து டிரம்ஸில் உட்கார்ந்தார். அவருடைய மாடியில் ஒரே ஒரு 40 வாட் பல்பைத் தொங்கவிட்டு ஆட்டம் போடுவார்கள். 40 வாட் கிளப் என்று ஊரில் பிற்பாடு பிரபலமான இடத்துக்குப் பெயர் வந்தது அந்த பல்பால்தான். பாடியது வனெஸா பிரிஸ்கோ.

1980-ல் ஒரு ஆல்பம், 1983-ல் ஒன்று. யூ2 என்ற அயர்லாந்து பேண்டின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கிற அளவுக்கு வந்த அதே 1983-ல் நிறுத்திக்கொண்டார்கள். ஜாலியாக இருக்கிறவரைக்கும்தான் பேண்ட், அவ்வளவுதான் கணக்கு. 1987-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதே ஊர் ஆர்.இ.எம்.-ஐ அமெரிக்காவின் சிறந்த ராக் பேண்ட் என்று போட்டது. அவர்களுடைய டிரம்மர் பில் பெர்ரியோ அந்தப் பட்டம் பைலானுக்குத்தான் சேரும் என்றார்.

புது டிரம்மர் தேடாதே என்பது என் கட்சி. ஆனால் அவன் போவதற்குள் எல்லாப் பாட்டையும் பதிவு செய்துவிடு. பைலானின் ரெக்கார்டு இருந்ததால்தானே நீ இன்று கேட்கிறாய்? தனித்தனி டிராக் வேண்டாம், நாலு பேரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசியுங்கள். சுவரோரம் மெத்தையை நிறுத்தினால் எதிரொலி குறையும். கிதார் ட்யூனிங்கையும் எழுதி வை. பியூலி மாதிரி நீயும் வழக்கமில்லாத ட்யூனிங் வைத்திருந்தால் பிறகு உனக்கே ஞாபகம் இருக்காது.

பேஸ்காரி:
அண்ணன் பாதிக் கதையைத்தான் சொல்கிறார். பைலான் பிறகு மறுபடி சேர்ந்து 1990-ல் மூன்றாவது ஆல்பமும் போட்டார்கள். அதனால் "கலைத்துவிட்டோம்" என்று இன்ஸ்டாவில் போஸ்ட் எல்லாம் போட வேண்டாம், சும்மா விடுங்கள். அப்புறம், மொட்டைமாடி என்றால் மதிய வெயிலில் பதிவு செய்யாதீர்கள், சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கிவிடும்.

நாகமலை கிதார்:
சரி, பதிவு செய்துவிடுகிறோம். மைக்குக்குத்தான் வழியில்லை அண்ணே.

வைகைக்கரை சவுண்டு:
மைக்கும் மிக்சரும் நான் தருகிறேன், வாடகை வேண்டாம். வைகாசி முகூர்த்தத்தில் மட்டும் கேட்டுவிடாதே, கடையில் வயர்கூட மிஞ்சாது. செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துச் சொல்.