300 முதல் 1000 வரை: பொது மடங்குகள் மூன்றா, நான்கா?

வினா (தேர்வர்):
வணக்கம். அரசுப் பணித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். 300 முதல் 1000 வரை உள்ள எண்களில் 12, 15, 18 ஆகிய மூன்றாலும் மீதியின்றி வகுபடுபவை எத்தனை என்பது கணக்கு. மீச்சிறு பொது மடங்கு 180 என்று கண்டு, 1000இலிருந்து 300ஐக் கழித்து வந்த 700ஐ 180ஆல் வகுத்தேன். ஈவு 3, மீதி 160. எனவே 3 என்று எழுதினேன். விடைக்குறிப்பிலோ 4 என்று உள்ளது. என்னுடன் படிக்கும் நண்பர், மூன்று எண்களின் பெருக்கற்பலனாகிய 3240ஐ அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியாகிய 3ஆல் வகுத்து 1080 என்று கண்டு, இந்த எல்லைக்குள் அப்படி ஓர் எண்ணே இல்லை என்கிறார். பிழை எங்கே உள்ளது?

மறுமொழி 1 (கணக்கு வாத்தியார்):
விடைக்குறிப்பு சரியே. 360, 540, 720, 900 என்று எழுதிப் பார்த்தாலே நான்கும் தெரிந்துவிடும். நீங்கள் 180 வரை சரியாகவே வந்திருக்கிறீர்கள். கடைசிப் படியில்தான் சறுக்கிவிட்டீர்கள். 700 என்பது எல்லையின் நீளத்தை மட்டுமே சொல்கிறது, அந்த எல்லை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைச் சொல்வதில்லை. அதே 700 நீளத்தை 361 முதல் 1061 வரை வைத்துப் பாருங்கள்: 540, 720, 900 என மூன்றே கிடைக்கும், ஏனெனில் 360 ஒரே எண்ணால் தவறிவிடுகிறது, 1080 இன்னும் வரவில்லை. ஆகவே நீளத்தை வகுக்காமல், 1000 வரை எத்தனை மடங்குகள் என்றும் (1000ஐ 180ஆல் வகுக்க ஈவு 5), 299 வரை எத்தனை என்றும் (ஈவு 1) தனித்தனியே கண்டு கழிக்க வேண்டும். 300 எல்லைக்குள் சேர்ந்தது என்பதால்தான் 299 வரை எண்ணிக் கழிக்கிறோம். இதை மறந்தால் எல்லையே ஒரு மடங்காக அமையும் கணக்குகளில் ஒன்று குறைந்துவிடும்.

மறுமொழி 2 (யாழ்ப்பாண வாசகர்):
இலங்கையில் நாங்கள் இதைப் பொது மடங்குகளுட் சிறியது என்போம், பெயர்தான் வேறு. உங்கள் நண்பர் பயன்படுத்திய விதி இரண்டு எண்களுக்கு மட்டுமே பொருந்தும். 12 = 2×2×3, 15 = 3×5, 18 = 2×3×3 என்று பிரித்தால், ஒவ்வொரு பகா எண்ணும் எந்த எண்ணில் அதிக முறை வருகிறதோ அத்தனை முறை மட்டும் எடுத்துக்கொள்ள 2×2×3×3×5 = 180 ஆகும். அவர் வழியில் போக விரும்பினால் இரண்டிரண்டாகப் போகலாம்: 12, 15 ஆகியவற்றுக்கு 180÷3 = 60; பின்பு 60, 18 ஆகியவற்றுக்கு 1080÷6 = 180.

மறுமொழி 3 (கணக்கு வாத்தியார்):
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வினாவில் "முதல், வரை" என்று இருக்கிறதா, "இடையே" என்று இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். 360 முதல் 900 வரை என்றால் நான்கு; இரு முனைகளையும் விட்டுவிட்டு இடையே உள்ளவற்றை மட்டும் எண்ணினால் இரண்டு. வினாத்தாள் எழுதுபவர்கள் இதில் எப்போதும் கவனமாக இருப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

தேர்வர்:
மிக்க நன்றி ஐயா, இப்போது தெளிவாகிவிட்டது. அடுத்த கணக்கையும் இதே முறையில் செய்தேன்: அதே எல்லைக்குள், 12ஆல் வகுக்க மீதி 7, 15ஆல் வகுக்க 10, 18ஆல் வகுக்க 13 வரும் எண்கள். ஒவ்வொன்றிலும் மீதி வகுக்கும் எண்ணைவிட 5 குறைவு என்பதால், 180இன் மடங்குகளிலிருந்து 5ஐக் கழித்து 355, 535, 715, 895 என்று கண்டேன். சரிதானா?

மறுமொழி 4 (கணக்கு வாத்தியார்):
சரி. ஆனால் இங்கே 300க்கும் 1000க்கும் பதிலாக 305 முதல் 1005 வரை உள்ள 180இன் மடங்குகளை எண்ண வேண்டும். இம்முறை எண்ணிக்கை மாறவில்லை. மேல் எல்லை 895க்கும் 899க்கும் இடையில் எங்கேனும் அமைந்திருந்தால் மாறியிருக்கும்.