கேபிள்காரர் காற்றில் இன்டர்நெட் கொடுக்கலாமா? ஸ்பெக்ட்ரம் யார் தருவார்?

வேளச்சேரி_கேபிள்:
சென்னையில ஒரு கேபிள் நிறுவனம் தன் ஆபரேட்டர்கள் முன்னால ஒரு திட்டம் வெச்சிருக்கு. ஃபைபர் இழுக்க வழியில்லாத தெருக்களுக்கு மொட்டை மாடியில செக்டர் ஆன்டெனா (ஒரு பக்கமா விரிஞ்சு பல வீட்டுக்கு அனுப்பறது), லைசன்ஸ் தேவையில்லாத 5.8 கிகாஹெர்ட்ஸ், 2 கிலோமீட்டர் வரைக்கும் இணைப்பு. செக்டருக்கு 40 வீடு, ஆளுக்கு 50 எம்பிபிஎஸ். தாராளமா பண்ணலாம்ங்கறது என் கட்சி. மழைக்காலம் வந்தா மாநகராட்சி ரோடு கட் நிறுத்திடும். மேல கட்டின வயரை எப்ப வேணா வெட்டுவாங்க. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19 அன்னைக்கு முதல்ல வந்த 8 ஊர்ல சென்னையும் உண்டு. அவங்க காத்துல கொடுத்தா தொழில், நாம கொடுத்தா கோமாளித்தனமா? இதோட, ஏரியா அளவுல சின்ன லைசன்ஸ் ஸ்பெக்ட்ரமும் (நமக்குன்னு ஒதுக்கின அலைவரிசை) நாம கேட்டு வாங்கணும்.

தரமணி_ஆர்எஃப்:
முதல்ல கணக்கு பார்ப்போம் சார். 5725–5875 மெகாஹெர்ட்ஸ்ல அனுமதிச்ச உச்ச ஈஐஆர்பி, அதாவது ஆன்டெனா ஒரு திசையில அனுப்பற சக்தி, 36 டிபிஎம் (சக்தியை டெசிபெல்ல சொல்ற அளவு). 2 கிலோமீட்டர் போற வழியில 114 டிபி இழப்பு. வீட்டுப் பக்கம் 23 டிபிஐ டிஷ், அதாவது சிக்னலை 23 டிபி கூட்டித் தரும். ஆக வந்து சேர்றது மைனஸ் 55 டிபிஎம். 40 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல ரிசீவரோட சொந்த இரைச்சல் மைனஸ் 93 பக்கம். இடைவெளி 38 டிபி. 256 க்வாம் (சிக்னல்ல டேட்டாவை அடைக்கற முறை, எண் குறைஞ்சா வேகமும் குறையும்) ஓட 32 இருந்தா போதும். காகிதத்துல ஜோர்.

ஆனா சென்னையில மாடிக்கு மாடி 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இருக்கு. இரைச்சல் மைனஸ் 75க்கு ஏறிட்டா உங்க கையில மிஞ்சறது 20 டிபி. 256 க்வாம் போய் 16 க்வாம்ல நிக்கும், வேகம் பாதிக்கும் கீழ. அதுவும் டவுன்லிங்க் (வீட்டுக்கு வர்றது) பக்கம்தான் இந்தக் கதை. அப்லிங்க் (வீட்டுல இருந்து போறது) இன்னும் மோசம், ஏன்னா செக்டர் ஆன்டெனா 90 டிகிரிக்கு வாயைத் திறந்துக்கிட்டு எல்லார் சத்தத்தையும் கேட்கும். உயரம் நல்லதுன்னு பத்தாவது மாடி தண்ணித் தொட்டி மேல வெப்பாங்க. உண்மையில அங்கதான் இரைச்சல் அதிகம். நாலாவது மாடியில, பக்கத்துக் கட்டடம் பின்பக்கத்தை மறைக்கிற மாதிரி வெச்சா பல இடத்துல ரிசல்ட் நல்லா இருக்கும்.

இன்னொண்ணு, ஏர்டைம். ஒரே ஒரு வீடு வேப்பமரத்துக்குப் பின்னால பலவீனமா மாட்டியிருந்தா, அந்த ஒருத்தருக்கு அனுப்பற நேரம்தான் மத்த 39 பேர் காத்திருக்கற நேரம். கம்ப்ளெய்ன்ட் மட்டும் 40 பேர்கிட்ட இருந்தும் வரும்.

அம்பத்தூர்_ஓஎல்டி:
நன்றி. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஜிபான் ஓஎல்டியில (ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்கற ஆபரேட்டர் பக்கக் கருவி) ஒரு போர்ட் 2.5 ஜிபிபிஎஸ் கீழே, 1.25 மேலே, 64 வீடு. பி பிளஸ் ரக ஆப்டிக்ஸ்ல 28 டிபி வரைக்கும் இழப்பு தாங்கும். 64க்குப் பிரிக்க 20, 21 டிபி போனாலும் மிச்சத்துல ஸ்ப்ளைஸும் (ஃபைபர் ஒட்டு) கனெக்டரும் அடங்கிடும். ஒரு தடவை போட்டா பக்கத்துத் தெருக்காரன் ரேடியோ வாங்கினான்னு வேகம் குறையாது. 2024 வழியுரிமை விதிகள் (கேபிள் கொண்டுபோக இடம் பயன்படுத்தற அனுமதி பத்தினது) 2025 ஜனவரி 1 முதல் அமல்ல இருக்கு. அந்த வழியில அனுமதி வாங்கி ஒழுங்கா புதைங்க பாஸ். திருவான்மியூர்ல கடல் காத்துக்கு ஆன்டெனா கிளாம்பும் ஆர்ஜே45 முனையும் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?

வேளச்சேரி_கேபிள்:
வர்தா அடிச்ச 2016 டிசம்பர்ல மரத்தோட எத்தனை தெரு ஃபைபர் தரையில கிடந்தது? சரி, வாதத்துக்கு வர்றேன். 2 கிலோமீட்டர்ங்கறதை நானும் ஏத்துக்கலை, 600 மீட்டரா வெட்டுங்க. 10 டிபி திரும்பக் கிடைக்கும். தரமணி சார் சொன்ன அதே இரைச்சல்ல 30 டிபி. 64 க்வாம் நிம்மதியா ஓடும். 90 டிகிரி செக்டருக்குப் பதிலா 30 டிகிரி ஹார்ன் (குறுகலான ஆன்டெனா), 20 மெகாஹெர்ட்ஸ் சேனல், ஏபி (நம்ம பக்க ரேடியோ) எல்லாம் ஜிபிஎஸ் சிங்க், அதாவது ஒரே நேரத்துல அனுப்பி ஒரே நேரத்துல கேட்கும். மைனஸ் 60க்குக் கீழ சிக்னல் வர்ற வீட்டுக்குக் கனெக்‌ஷனே கிடையாதுன்னு டெக்னீஷியன்கிட்ட கண்டிப்பா சொல்லிடணும். கிளாம்புக்கு எஸ்எஸ் 316 துருப்பிடிக்காத எஃகு, கேபிளுக்கு அவுட்டோர் கேட்-6 எஸ்டிபி (கவசம் போட்டது), முனையில தண்ணி சொட்டி விழற மாதிரி ட்ரிப் லூப். இதெல்லாம் பெரிய வித்தையா?

தரமணி_ஆர்எஃப்:
600 மீட்டர் நியாயமான பேச்சு. அதுக்கும் பாதி வழியில நேர்கோட்டைச் சுத்தி ஒன்றே முக்கால் மீட்டர் காலியா இருக்கணும். மே மாசம் சர்வே எடுத்தா மரம் காஞ்சிருக்கும், லிங்க் பளிச்னு வரும். நவம்பர்ல இலை நனைஞ்சதும் விழும். அப்ப டெக்னீஷியன் ரேடியோவை மாத்துவான், அடாப்டரை மாத்துவான், குத்தவாளி தென்னை மட்டை.

ஓஎம்ஆர்_வாசகன்:
நடுவுல ஒரு கேள்வி. 6 கிகாஹெர்ட்ஸ் திறந்துவிடப் போறாங்கன்னு செய்தி வந்ததே, அதை மாடியில வெச்சா?

தரமணி_ஆர்எஃப்:
உதவாது. 2025 மே வரைவு விதியில சொன்னது 5925–6425 மெகாஹெர்ட்ஸ். வீட்டுக்குள்ள குறைந்த சக்தி, வெளியில மிகக் குறைந்த சக்தி, அதாவது 14 டிபிஎம். 36ஐ விட 22 டிபி கம்மி. மொபைல்ல இருந்து ஹெட்செட் வரைக்கும் போகும். உங்களுக்கு அதால மறைமுகமா ஒரு லாபம் உண்டு. வீட்டு வைஃபை அங்க நகர்ந்தா 5 கிகாஹெர்ட்ஸ்ல கூட்டம் கொஞ்சம் குறையும்.

விதிப்புத்தகம்:
பொறியியலை விட்டு விதிக்கு வருவோம். 2018 அக்டோபர் அறிவிக்கை 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை லைசன்ஸ் இல்லாமல் திறந்தது. அதன் விலை, பாதுகாப்பு இல்லை என்பதுதான். பக்கத்து ரேடியோ இடைஞ்சல் செய்தால் எந்த அலுவலகத்திலும் புகார் எடுபடாது. இதை நம்பி 50 எம்பிபிஎஸ் என்று விளம்பரம் செய்வது ஆபத்து.

பாதுகாப்பு வேண்டுமென்றால் ஏலம். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 2ஜி வழக்கில் 122 லைசன்ஸ்களை ரத்து செய்த பிறகு வேறு வழியை எந்த அரசும் எளிதில் தொடாது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் ஏலத்தையே பொது விதியாக்கியது. முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்கு மட்டுமே நிர்வாக ஒதுக்கீடு, அதாவது ஏலமின்றி அரசே தருவது. ஏலத்தில் அலகு ஒரு முழு வட்டம், அதாவது ஏறக்குறைய ஒரு மாநில அளவு. வேளச்சேரிக்கு வேண்டுமென்றாலும் தமிழ்நாடு முழுவதற்கும்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, பெரிய பணம் போட்டவர்களே காற்றில் தடுமாறியிருக்கிறார்கள். 2010ல் 2.3 கிகாஹெர்ட்ஸ் ஏலத்தில் தமிழ்நாடு உட்பட 8 வட்டங்களை வென்றது ஏர்செல். அது என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை.

வேளச்சேரி_கேபிள்:
அதே ஏலத்துல 22 வட்டமும் 12,848 கோடிக்கு எடுத்த இன்ஃபோடெல் இன்டர்நெட் லைசன்ஸ் வெச்சிருந்த சின்ன கம்பெனிதானே? அது ரிலையன்ஸ் கைக்குப் போச்சு, 2013ல 1,658 கோடி கட்டி வாய்ஸ் (போன் பேச்சு) அனுமதியும் வாங்கிட்டாங்க. பெரியவங்களுக்கு விதி வளையும்.

2024 ஜூன் ஏலத்துல 3300 மெகாஹெர்ட்ஸுக்கும் 26 கிகாஹெர்ட்ஸுக்கும் ஒருத்தரும் கை தூக்கலை. சும்மா கிடக்கறதை வார்டு அளவுல கொடுத்தா யாருக்கு நஷ்டம்? நீங்க சொன்ன அதே சட்டத்துல 7ஆம் பிரிவைப் பாருங்க: ஏற்கெனவே ஒருத்தருக்குக் கொடுத்த ஸ்பெக்ட்ரத்தை, இடைஞ்சல் வராத வரைக்கும், இன்னொருத்தருக்கு இரண்டாம் நிலையில கொடுக்கலாம். அமெரிக்காவுல சிபிஆர்எஸ்ங்கற பங்கீட்டு அலைவரிசை இதே வழிதான். 3550–3700 மெகாஹெர்ட்ஸ், கடற்படை ரேடாருக்கு முதல் உரிமை, அடுத்து கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அளவுல ஏலம் எடுத்தவங்க, மிச்சம் எல்லாருக்கும். 2020 ஏலத்துல சார்ட்டர்ங்கற கேபிள் கம்பெனி சுமார் 46 கோடி டாலர் போட்டுச்சு.

விதிப்புத்தகம்:
சார்ட்டர் முக்கியமாகப் போட்டது மொபைல் சந்தாதாரரின் டேட்டாவை வேறொருவர் நெட்வொர்க்கிலிருந்து இறக்கிக்கொள்ள. வீட்டு இணைப்பு அங்கே இன்னும் ஒயரில்தான். அதற்கு முன் காம்காஸ்ட், டைம் வார்னர் போன்ற கேபிள் நிறுவனங்கள் சேர்ந்து 2006ல் சுமார் 237 கோடி டாலருக்கு ஸ்பெக்ட்ரம் வாங்கி, நெட்வொர்க் கட்டாமலேயே வெரைசனிடம் 360 கோடிக்கு விற்றன. உள்ளூர் லைசன்ஸ் கொடுத்தால் இங்கும் அதே பதுக்கல் நடக்கும். 7ஆம் பிரிவு அரசுக்குக் கொடுப்பது அதிகாரம். உங்களுக்கு உரிமை அல்ல.

தரமணி_ஆர்எஃப்:
26 கிகாஹெர்ட்ஸ் ஆசை வேண்டாம். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில கிலோமீட்டருக்கு 16 டிபி போகும், 5.8ல அதே மழைக்கு ஒரு டிபி பக்கம். வடகிழக்குப் பருவமழை ஊருக்கு அது சரிப்படாது. கேட்கறதா இருந்தா 3300 கேளுங்க.

அம்பத்தூர்_ஓஎல்டி:
ஒரு நடுவழி இருக்கு. வீடு வீடா டிஷ் மாட்டறதை விடுங்க. ஒரு அபார்ட்மென்ட்டுக்கு ஒரே ஒரு பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க் (ரெண்டு முனை மட்டும் பேசறது), மாடியில உங்க ஸ்விட்ச் இல்ல குட்டி ஓஎல்டி, உள்ளே ஷாஃப்ட் வழியா ஃபைபர். ரெண்டு பக்கமும் குறுகின பீம், இரைச்சல் பிரச்சினை பாதி தீரும். ரோடு கட் கிடைச்ச அன்னைக்கு ரேடியோவைக் கழட்டிட்டு ஃபைபரைச் சொருகிடலாம்.

வேளச்சேரி_கேபிள்:
இது பிடிச்சிருக்கு. விதிப்புத்தகம் சார், முதல் அட்டவணையில ரேடியோ பேக்ஹால் இருக்கே. வாடிக்கையாளர் கருவி தவிர்த்து தொலைத்தொடர்புக் கருவிகளை இணைக்கறதுன்னு அர்த்தம் சொல்லியிருக்கு. மாடி ஸ்விட்ச் ஆபரேட்டரோடது. அப்ப இது பேக்ஹால்தானே? ஏலம் இல்லாமலே கேட்கலாமே?

விதிப்புத்தகம்:
வாதம் நிற்கும். ஆனால் ஸ்விட்ச், மின் இணைப்பு, பராமரிப்பு எல்லாம் லைசன்ஸ் பெற்ற நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் ஊர் ஆபரேட்டர்களில் பலர் வேறொருவரின் இன்டர்நெட் லைசன்ஸுக்குக் கீழே பங்குக்கு ஓடுகிறார்கள். விண்ணப்பம் அந்த லைசன்ஸ்காரர்தான் போட முடியும். அவரிடம் எழுதி வாங்கினீர்களா?

வேளச்சேரி_கேபிள்:
திங்கட்கிழமை கேட்கறேன். அதுக்குள்ள 5.8ல லிங்க் போட இடம் பார்க்கறோம்.

தரமணி_ஆர்எஃப்:
இரைச்சல் ஸ்கேன் பகல்ல எடுக்காதீங்க. ராத்திரி 9ல இருந்து 11 வரை, ரெண்டு முனையிலயும், ஆன்டெனாவை மாட்டப்போற அதே திசையில திருப்பி எடுங்க. ஞாயித்துக்கிழமை ஒண்ணு, வேலை நாள்ல ஒண்ணு. மைனஸ் 80க்கு மேல சத்தம் இருக்கற சேனலைத் தொடாதீங்க.