இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்குப் போகலாமா?

நேரொலி:
நேற்று இன்னொரு திரியில் நண்பர் இருசெவி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியது: “நல்ல ஹெட்போன் ஒன்று இருந்தால் ஸ்பீக்கர் எதற்கு? ஸ்பீக்கரில் இடது பக்க ஒலி வலது காதிலும் விழுந்து கலந்துவிடுகிறது, அது கலப்படம். ஹெட்போனில்தான் ஸ்டீரியோ சுத்தமாக இருக்கிறது.” அதன் கீழே 11 பேர் ஆமாம் சாமி போட்டிருக்கிறார்கள்.

இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகும் என்பதை வைத்துத்தான் ஸ்டீரியோவே பிறந்தது. பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931ல் கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்தின் அடித்தளம் அதுதான். இரண்டு ஸ்பீக்கரும் இரண்டு காதுக்கும் கேட்கும். எதிர்ப்பக்கக் காதை ஒலி அடையக் கால் மில்லிநொடி போலக் கூடுதலாகும். அந்தத் தாமதமும் இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள சத்த வித்தியாசமும் சேர்ந்துதான் பாடுபவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று மூளைக்குச் சொல்கின்றன. அதை வெட்டி எறிந்துவிட்டுச் சுத்தம் என்கிறீர்கள்.

கண்ணை மூடி ஹெட்போனில் கேளுங்கள். பாடகர் எங்கே இருக்கிறார்? உங்கள் நெற்றிக்குள். நீங்கள் தலையைத் திருப்பினால் அவரும் கூடவே திரும்புகிறார். எந்த மேடையில் எந்தப் பாடகர் அப்படிச் செய்கிறார்?

இருசெவி:
என் பெயரைப் போட்டுத் தனித் திரி தொடங்கியதற்கு நன்றி. எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன். இடது சேனல் இடது காதுக்கு, வலது சேனல் வலது காதுக்கு. இதில் புரியாதது என்ன?

வரலாறு பேசுகிறீர்களே, 1881ல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் பிரெஞ்சுப் பொறியாளர் கிளெமான் அதேர் என்ன செய்தார் தெரியுமா? ஓபரா மேடையிலிருந்து தொலைபேசிக் கம்பி இழுத்து, ஆளுக்கு இரண்டு ரிசீவர் கொடுத்தார். ஒரு காதுக்கு ஒன்று. மேடையில் பாடகர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதுவரை மக்கள் கேட்டார்கள். உங்கள் பிளம்லைனுக்கு 50 வருடம் முன்னால். ஸ்டீரியோ முதலில் காதில் வைத்துத்தான் கேட்கப்பட்டது ஐயா. அதோடு, பிளம்லைனே தன் முறைக்கு ‘பைனாரல்’ என்றுதான் பெயர் வைத்தார். இருசெவி என்று அர்த்தம். என் பெயர்தான்.

நேரொலி:
பெயரை மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும். பைனாரல் என்று பெயர் வைத்தவர் அந்த விண்ணப்பத்தில் விவரித்தது எதை? இரண்டு ஸ்பீக்கரை. காதில் மாட்டுவதை அல்ல. இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகும், அதனால் சத்த வித்தியாசத்தை மட்டும் மாற்றினாலே காதில் நேர வித்தியாசம் உண்டாகும் என்பதுதான் அவர் கண்ட சூட்சுமம். ஹெட்போனில் அந்தச் சூட்சுமமே செத்துப்போகிறது. இடது காது ஒரு உலகம், வலது காது இன்னொரு உலகம்.

நள்ளிரவுக் கேட்பான்:
இரண்டு பேருமே ‘சரியான ஒலி’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்களேன். மேடையில் கேட்பதா, பதிவுக் கூடத்தில் குரலையும் வாத்தியங்களையும் கலவை செய்தவர் கேட்டதா, கேட்கிறவருக்குப் பிடித்ததா? அது தெரியாமல் பேசினால் முடிவே வராது. என் வழக்கு சின்னது. குழந்தை தூங்கிய பிறகுதான் எனக்குப் பாட்டு. அதனால் ஹெட்போன்.

இருசெவி:
நேரொலி, நீங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் அந்தக் கலப்பு என்ன செய்கிறது என்று சொல்லவா? நடுவில் நிற்கும் குரல் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வருகிறது. ஒவ்வொரு காதுக்கும் ஒரே குரல் இரண்டு முறை, நீங்களே சொன்ன கால் மில்லிநொடி இடைவெளியில் போகிறது. இரண்டும் மோதிக்கொள்ளும் இடத்தில், 2000 ஹெர்ட்ஸ் பக்கம், ஒலி குறைந்து பள்ளம் விழுகிறது. வார்த்தையின் தெளிவு இருக்கிற இடமே அதுதான். பாடகியின் குரலில் குழி தோண்டிவிட்டு அதற்கு வரலாறு வேறு. இதை நான் கலப்படம் என்று சொன்னது தப்பா?

நேரொலி:
பள்ளம் இருக்கிறது, யார் இல்லை என்றது? கலவை செய்பவரும் ஸ்பீக்கர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதிலும் அதே பள்ளம். குரல் மங்கலாகக் கேட்டால் அவரே அந்த இடத்தில் கொஞ்சம் தூக்கிவிடுகிறார். அதையே நீங்கள் ஹெட்போனில் கேட்டால் பள்ளம் இல்லை, தூக்கிவிட்டது மட்டும் இருக்கிறது. ‘ச’, ‘ஷ’ எல்லாம் சற்றுக் கூர்மையாகக் குத்துவது உங்களுக்கு உறைக்கவில்லையா? அதைத்தான் ‘விவரம்’ என்று கொண்டாடுகிறீர்கள். அறையின் சுவர்களில் பட்டு வரும் ஒலி அந்தப் பள்ளத்தைப் பாதி நிரப்பிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 1961லேயே ஒலிப் பொறியாளர் பெஞ்சமின் பாவர் ஹெட்போனுக்கென்று ஒரு சர்க்யூட் எழுதினார். எதற்கு? இடது சேனலில் கொஞ்சத்தை எடுத்து, தாமதப்படுத்தி, வலது காதுக்கு அனுப்ப. இன்றைக்கும் நல்ல ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் பலவற்றில் ‘கிராஸ்ஃபீட்’ என்று ஒரு பட்டன் உண்டு. கலப்படம் என்றால் உங்கள் ஆட்களே ஏன் காசு கொடுத்துக் கலக்கிறார்கள்?

இருசெவி:
அந்தப் பட்டனை நான் தொட்டதே இல்லை. தொடவும் மாட்டேன்.

பழைய டேப்:
தொட்டுப் பாருங்கள் தம்பி, முக்கியமாகப் பழைய ரெக்கார்டுகளுக்கு. 1960களின் ஆரம்பத்தில் வந்த பல ஸ்டீரியோ பதிவுகளில் குரல் முழுக்க ஒரு பக்கம், வாத்தியம் முழுக்க மறுபக்கம். ஹெட்போனில் கேட்டால் ஒரு காதில் யாரோ கத்துவதுபோலத் தலை கனத்துவிடும்.

ஆனால் நேரொலிக்கும் ஒன்று சொல்லவேண்டும். என் அறை 4 மீட்டர் நீளம். ஒலியின் வேகத்தைக் கணக்குப் போட்டால் 43 ஹெர்ட்ஸ் அங்கே குடியிருக்கிறது: அந்த ஒலி இரண்டு சுவருக்கும் இடையே மோதித் திரும்பி, சுவரோரம் பெருத்து நடுவில் அடங்கிவிடும். அறையின் சரிநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், பாஸ் கிட்டாரின் அடி ஸ்வரம் ஒன்று வரவே இல்லை. பிளேயரைச் சந்தேகப்பட்டேன், ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டேன். கீழே விழுந்த பேனாவை எடுக்கச் சுவரோரம் குனிந்தபோது அந்த ஸ்வரம் மூலையில் குமுறிக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஸ்வரத்துக்காக 3 மாதம் இருந்த இடத்தையெல்லாம் மாற்றினேன். காதில் ஹெட்போனை வைத்தேன், முதல் நொடியிலேயே அது அங்கே இருந்தது. அறை இல்லாத இடத்தில் அறையின் குறையும் இல்லை.

நேரொலி:
நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்தால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு 3 மாதம் எடுத்துக்கொண்டது அறையின் தப்பில்லை. தடித்த கம்பி போட்டால் குரல் இனிக்கும் என்று போன மாதம் வாதாடியவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது.

பழைய டேப்:
கம்பி பேச்சை எதற்கு இழுக்கிறீர்கள்? நான் இனிக்கும் என்று சொல்லவில்லை. தூரம் அதிகமானால் மெல்லிய கம்பியின் மின்தடை கூடும் என்றுதான் சொன்னேன். அந்தத் திரியில் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை நீங்கள்.

சுருதிப்பெட்டி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஒலிபெருக்கி என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது எல்லாரும் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் என்கிறீர்களே. ஹெட்போனுக்கும் கேட்பொறி என்று இருக்கிறது.

பழைய டேப்:
ஒலிபெருக்கி என்றால் ஆம்ப்ளிஃபயர் என்றுதானே வரவேண்டும்? ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. மின்சாரத்தைக் காற்றின் அசைவாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான்.

சுருதிப்பெட்டி:
ஆம்ப்ளிஃபயர் பெருக்குவது ஒலியை அல்ல ஐயா, மின் சைகையை. அதனால் அதற்குப் பெருக்கி என்றாலே போதும். ஒலிபெருக்கி என்ற சொல் ஸ்பீக்கருக்கு நிலைத்து எத்தனையோ காலமாகிறது. சொல்லைப் பிய்த்துப் பார்த்துப் பொருள் சொல்லக்கூடாது.

பழைய டேப்:
சொல்லைப் பிய்க்காமல் வேறு எதைப் பிய்ப்பது? தப்பான சொல் தப்பான சொல்தான்.

மழைத்துளி:
எனக்கு வலது காது பிறவியிலேயே கேட்காது. இந்தத் திரியில் எல்லாரும் வலது காது, வலது காது என்று எழுதுவதைப் பார்த்து உள்ளே வந்தேன்.

பள்ளி நாட்களில் ஹெட்போனில் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பேன், மனப்பாடம். ஒருநாள் அக்கா அதையே ஸ்பீக்கரில் போட்டாள். பல்லவி முடிந்ததும் ஒரு கிட்டார் எழுந்து வந்தது. நான் அதுவரை கேட்டதே இல்லை. அது வலது சேனலில் இருந்திருக்கிறது. அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லி அக்காவைப் படுத்தி எடுத்தேன். இப்போது ஃபோனில் இரண்டு சேனலையும் ஒன்றாக்கும் மோனோ வசதி இருப்பதால் ஹெட்போனிலும் முழுப் பாட்டு கிடைக்கிறது. ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்தேன். அப்படி ஒன்றாக்கினால் சில பாட்டில் கீபோர்டு ஒலி மட்டும் மெலிந்து போகிறதே, ஏன்?

நேரொலி:
பார்த்தீர்களா இருசெவி! இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இடது காதுக்கும் வலது ஸ்பீக்கரின் ஒலி வந்ததால்தான் அந்தக் கிட்டார் இவருக்குக் கிடைத்தது. உங்கள் ‘சுத்தம்’ இவரிடமிருந்து பாதிப் பாட்டைப் பறித்திருக்கிறது.

இருசெவி:
ஒருவருடைய குறையை உங்கள் வாதத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அவரே சொல்கிறார், மோனோ போட்டால் ஹெட்போனிலும் முழுப் பாட்டு வருகிறது என்று. அதைப் படிக்கவில்லையா, படித்தும் படிக்காததுபோல இருக்கிறீர்களா?

நேரொலி:
மோனோ என்பதே கலப்புதானே! இடதையும் வலதையும் கலந்து ஒரே காதுக்கு அனுப்புவது. கலப்படம் கெட்டது என்றவர் இப்போது கலப்புக்கு வக்காலத்து வாங்குகிறார்.

மழைத்துளி:
நான் யார் பக்கமும் சாட்சி சொல்ல வரவில்லை. கீபோர்டு பற்றி யாராவது சொன்னால் போதும்.

நள்ளிரவுக் கேட்பான்:
மழைத்துளி, கீபோர்டு அகலமாகக் கேட்கவேண்டும் என்பதற்காகச் சில பதிவுகளில் ஒரு சேனலின் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும்படி செய்திருப்பார்கள். இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். உங்கள் ஃபோனில் பழுதில்லை. மோனோவைவிட இடது சேனல் மட்டும் கேட்டால் சில பாட்டில் கீபோர்டு திரும்ப வரும், ஆனால் வேறு ஏதாவது போய்விடும்.

எல்லாருக்கும் ஒரு வார்த்தை. எதில் கேட்டாலும் சத்தத்தைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். வெளி இரைச்சலை அமுக்க ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம்.

இருசெவி:
இரைச்சலை அடைக்கும் ஹெட்போன் இருந்தால் சத்தத்தைக் கூட்டவே வேண்டாம். அது இருக்கட்டும். நேரொலிக்கு ஒரே கேள்வி. மைக் செய்யும் நியூமன் நிறுவனம் 1973ல் காது மடலோடு ஒரு செயற்கைத் தலை செய்து, அந்தக் காதுக்குள் மைக் வைத்தது. அப்படிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டால், பின்னால் யாரோ நடந்து வருவதுபோலத் திரும்பிப் பார்ப்பீர்கள். அதே பதிவை உங்கள் இரண்டு ஸ்பீக்கரில் போடுங்கள், எல்லாம் குழம்பிவிடும். ஏன்? இடது ஒலி வலது காதுக்குப் போய்விடுவதால். ஆமாவா, இல்லையா?

நேரொலி:
எத்தனை பாட்டு செயற்கைத் தலையில் பதிவாகிறது? உங்கள் ஃபோனில் இருக்கும் பாட்டுகளில் ஒன்றைக் காட்டுங்கள். அத்தனையும் ஸ்பீக்கருக்காகக் கலவை செய்தவை. அதிலும் அந்தத் தலையின் காது மடல் உங்கள் காது மடல் இல்லை. ஒலி முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்பதை மடலின் மடிப்புகள்தான் பிரித்துச் சொல்கின்றன. அடுத்தவர் மடலில் பதிந்த ஒலி உங்களுக்கு முன்னால் இருப்பதைப் பின்னால் என்று காட்டும்.

நான் கேட்பது எளிய விஷயம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே வெறும் சுவர்தான் இருக்கிறது. கண்ணை மூடினால் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிறார், உயரம்கூடத் தெரிகிறது, மூச்சு இழுப்பது அங்கிருந்து கேட்கிறது. எழுந்து போய்த் தொடலாம் போல இருக்கும். முதல் தடவை அப்படி உணர்ந்த அன்று பாட்டு முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. அதைக் கலப்படம் என்று ஒருவர் எழுதினால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

இருசெவி:
நானும் சும்மா இருக்கமாட்டேன். வயலின் வில் தந்தியில் ஏறும்போது வரும் அந்தச் சின்ன உரசலை நான் ஹெட்போனில்தான் முதலில் கேட்டேன். ஸ்பீக்கரில் அது மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் கிடந்தது, வருடக்கணக்காக. எனக்குத் தேவை அந்த உரசல். சுவர் முன்னால் நிற்கும் ஆள் இல்லை. என் செயற்கைத் தலைக் கேள்விக்கு ஆமா, இல்லை இன்னும் வரவில்லை.

சுருதிப்பெட்டி:
செயற்கைத் தலை என்பது நல்ல மொழிபெயர்ப்பு. ஆனால் மைக்குக்கு ஒலிவாங்கி என்று எழுதியிருக்கலாம்.

பழைய டேப்:
ஒலிவாங்கி சரி. அது உண்மையிலேயே வாங்குகிறது. ஒலிபெருக்கி பெருக்குவதில்லை என்று திரும்பவும் சொல்கிறேன். நேரொலி, கம்பிக்குப் பதில்?

நேரொலி:
கம்பிக்குத் தனியாகத் திரி தொடங்குங்கள், வருகிறேன். இங்கே பேச்சு ஒன்றுதான். இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்குப் போகவேண்டும். போகாவிட்டால் அது ஸ்டீரியோ இல்லை. நாளைக் காலை படம் வரைந்து, கோணம், தூரம், தாமதம் எல்லாம் குறித்துப் போடுகிறேன். அதற்குப் பிறகும் ‘சுத்தம்’ என்று எழுதினால் நான் பொறுப்பில்லை.

இருசெவி:
போடுங்கள், காத்திருக்கிறேன். அந்த 2000 ஹெர்ட்ஸ் பள்ளத்தையும் அதே படத்தில் குறித்துவிடுங்கள்.