மறு: ஏஜிங் – மூப்பா, பழுத்தலா, முற்றலா?

> அலுமினியக் கலவையை வலுவேற்றும் 'ஏஜிங்'குக்கு 'மூப்பு' என்றே வைத்துவிடலாமே. நேர்ச்சொல், குறுஞ்சொல்.

நேர்ச்சொல்தான், பட்டறையில் இடிக்கும். ஓசூரில் ஒரு தர ஆய்வறிக்கையில் 'மூப்புக்குப் பின் அயர்வு விரிசல்' (திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் வருவது) என்று எழுதினால், ஓடித் தேய்ந்த பழைய பாகம் என்றுதான் படிப்பார்கள். நடப்பதோ நேர்மாறு. ஏ356 என்ற அலுமினியக் கலவை வார்ப்பை 540° செ. சூட்டில் பல மணி நேரம் ஊறவிட்டு, 60–80° வெந்நீரில் முக்கி, பிறகு 155° அடுப்பில் 3 முதல் 5 மணி நேரம் வைத்தால், கரைந்திருந்த மக்னீசியமும் சிலிக்கனும் நுண்துகள்களாகத் திரண்டு உலோகம் கெட்டிப்படுகிறது. தேங்காய் முற்றுகிற மாதிரி. ஆகவே 'முற்றல்', வினைக்கு 'முற்றவைத்தல்'. அறை வெப்பத்தில் நாள்கணக்கில் தானாக நடப்பது 'தான்முற்றல்'. 1906இல் ஆல்ஃபிரட் வில்ம் கண்டது அதைத்தான்.

> 'பழுக்கவைத்தல்'? கிருஷ்ணகிரி போன்ற மாம்பழ மாவட்டத்தில் யாருக்கும் புரியுமே!

புரியும், தப்பாக. கொல்லுலையில் 'பழுக்கக் காய்ச்சு' என்றால் செஞ்சூடு. அலுமினியம் சிவந்து காட்டாமலேயே உருகிவிடும். ஆனால் மாந்தோப்பிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம்: உச்ச வலுவுக்கு முன் இளசு, உச்சத்தில் முற்றல், அதைத் தாண்டினால் கனிவு.

> மூன்று சொல் எதற்கு? ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) எண் போதாதா?

போதாது. உச்சத்துக்கு முன்பும் பின்பும் ஒரே பிரினெல் எண் (கடினத்தன்மை அளவு) வரும். விரிசல் மட்டும் ஒரே மாதிரி வராது. இளசில் படிகப் பிறழ்வுகள் (அணு அடுக்கில் உள்ள வரிக்குறைகள், இவை நகர்ந்தால்தான் உலோகம் வளையும்) நுண்துகள்களை அறுத்துக்கொண்டு போகும். நழுவல், அதாவது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவது, சில மெல்லிய பட்டைகளில் குவிந்து, விரிசல் முளைக்க அங்கே இடம் கிடைக்கும். முளைத்தது கோணல்மாணலாக ஓடுவதால் நீண்ட விரிசல் மெதுவாக வளர்வதும் உண்டு. கனிந்ததில் துகள்கள் பெரியவை. பிறழ்வுகள் சுற்றி வளைத்துப் போக, நழுவல் பரவிவிடும். எது எந்த நிலை என்று பிரிக்க மின்கடத்துத்திறனை அளக்க வேண்டும். கனியக் கனிய அது ஏறும்.

> கனிவுக்கு 'மிகைமுற்றல்' பொருத்தமில்லையா?

'மிகை' என்றால் பிழை போலத் தொனிக்கிறது. 7075 அலுமினியக் கலவையின் டி73 என்ற பதநிலை வேண்டுமென்றே செய்வது: தகைவு அரிப்பு விரிசலை (இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்குவதை) தடுக்க, உச்ச வலுப் பதநிலையான டி6 தரும் வலுவில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறோம். அது கனியவைத்தல். அடுப்பை அணைக்க மறந்தால் வருவதை வேண்டுமானால் மிகைமுற்றல் என்போம்.

இன்னொன்று, எந்தச் சொல்லும் காப்பாற்றாதது. 540° அடுப்பிலிருந்து வெந்நீர்த் தொட்டிக்குப் போகத் தாமதமானால் உலோகத்தின் படிக மணிகளுக்கு இடையேயான எல்லைகளில் பருத்த துகள்கள் படிந்து, ஓரத்தில் துகளற்ற மெத்துப் பட்டை உண்டாகும். ஹார்ட்னஸ் குறைகிறதே என்று முற்றல் நேரத்தைக் கூட்டுவது வீண். மறுபடி 540°க்கே போக வேண்டும். வார்ப்பில் வாயுத்துளை இருந்தால் அதுவும் உதவாது, அயர்வு விரிசல் பெரும்பாலும் துளையில்தான் தொடங்கும்.

சூடான உலோகத்தை நீரில் முக்கும் 'குவெஞ்ச்'சுக்குக் கொல்லர்களின் 'தோய்ச்சல்' இருக்கிறது. தயக்கம் ஒன்றே: தோய்ச்ச அரிவாள் உடனே கெட்டி, தோய்ச்ச அலுமினியமோ மெத்து. வார்ப்பு கோணியிருந்தால் அந்த நேரத்தில்தான் நிமிர்த்துகிறார்கள். இருந்தாலும் அச்சொல்லுக்கே என் வாக்கு.